சூரியனைப் பார்க்கும் வேலை

அன்பு மகள் கயலுக்கு,

நேற்று ஃபோனில் அலுத்துக்கொண்டாய், சூரியப் புயல் வருமா என்று கணிக்கும் வேலையில் நாள் முழுக்கச் சூரியன் படத்தையே பார்க்கிறேன், ஒன்றும் நடப்பதில்லை என்று. அம்மா பக்கத்தில் இருந்ததால் அப்போது பேசவில்லை.

நான் பினாங்கில் எக்ஸ்ரே அறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டையில் எந்நேரமும் உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ். எங்களுக்குச் சொல்லித்தந்தது மூன்றுதான்: நேரத்தைக் குறை, தள்ளி நில், ஈயத்துக்குப் பின்னால் போ. விண்வெளியில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறவன் எங்கே தள்ளி நிற்பான்? ஈயமும் கைகொடுக்காது. விண்வெளியின் ஆழத்திலிருந்து வரும் அண்டக் கதிர்களில் உள்ள கனமான அணுக்கருக்கள் அதில் மோதினால் நியூட்ரான்கள் தெறிக்கும், அதுவும் கதிர்வீச்சுதான். அதனால்தான் தண்ணீர், பாலிஎத்திலீன் மாதிரி ஹைட்ரஜன் நிறைந்த பொருள்களைத் தேடுகிறார்கள்.

உடம்பில் ஏறும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட்டில் அளப்போம்; எங்கள் ஆண்டு வரம்பு 20 மில்லிசீவர்ட். பூமியின் காந்தப்புலத்துக்குள்ளேயே சுற்றும் விண்வெளி நிலையத்தில் நாளுக்குச் சுமார் அரை மில்லிசீவர்ட் ஏறும். என் ஒரு வருஷ வரம்பு அங்கே ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும். நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்ததோ நாளுக்கு 1.8. நாசா ஒருவரின் பணிக்காலம் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பே 600. போய்வரும் பயணம் மட்டுமே அதைத் தின்றுவிடும்.

அது மெல்ல மெல்லச் சேர்வது. சூரியப் புயல் அப்படி இல்லை. 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 திரும்பியது, டிசம்பரில் 17 கிளம்பியது. நடுவே ஆகஸ்ட் 4 அன்று அடித்த புயலில் யாராவது நிலவில் நடந்துகொண்டிருந்தால் கதிர்நோய் வந்திருக்கக்கூடும். தப்பியது யாருடைய கெட்டிக்காரத்தனமும் இல்லை, வெறும் அதிர்ஷ்டம். சூரியன் வீசும் வேகமான புரோட்டான் துகள்கள் அரை மணி நேரத்திலேயே வந்துவிடும். நாசாவின் ஓரியன் விண்கலத்தில் சாமான் பைகளைச் சுற்றி அடுக்கிக்கொண்டு பதுங்குவதுதான் திட்டம். சரி, பதுங்கச் சொல்வது யார்? உன்னைப் போல் ஒருத்திதான். நீ ‘ஒன்றுமில்லை’ என்று எழுதும் அறிக்கையை நம்பித்தான் ஒருவன் கலத்தை விட்டு வெளியே கால் வைக்கிறான்.

பெரிய புயல்தான் கெடுக்கும் என்றும் இல்லை. 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் 38 எரிந்து விழுந்தனவே, அது சாதாரணப் புயல். மேல்வளிமண்டலம் சூடேறி விரிந்ததில் இழுவை கூடிவிட்டது, அவ்வளவுதான்.

2024 மே மாதப் புயலில் லடாக் வானம் துருவ ஒளியால் சிவந்த செய்தியைப் பார்த்துவிட்டு உன் அம்மா வாசலில் போய் நின்றாள். நாம் பூமியின் காந்தத் துருவங்களுக்கு நடுவே ஓடும் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், நமக்கு அந்த ஒளி ஏது? பொழுது சாய்ந்தபின் ஜிபிஎஸ் தடுமாறுவதுதான் நம் பங்கு.

வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, அது வேறு விஷயம். சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைத்து விடாதே.

அப்புறம், தைப்பூசத்துக்கு லீவு கேட்டாயா? அம்மா தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறாள். என் முட்டியோடு அவ்வளவு படி ஏற முடியாது, நீ வந்தால் அவளுக்குத் துணையாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா