தெருவைப் பார்த்துத் திறந்திருந்த டேலி

ஆசிரியருக்கு,

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பற்றி உங்கள் தொழில் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாஸ்வேர்டைக் கடினமாக வையுங்கள் என்பதோடு விஷயத்தை முடித்துவிட்டார்கள். அது போதாது என்று, அடிபட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுக்கும் சின்ன யூனிட் என்னுடையது. என்னோடு சேர்த்து 12 பேர். கணக்கு பார்க்கும் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. பல்லடத்திலிருந்து தினமும் வந்துபோக முடியாது என்றார். எந்தக் கம்பெனி எத்தனை நாளில் பணம் தரும் என்பது அவருக்குத்தான் அத்துப்படி, விட மனசில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளை வீட்டிலிருந்தே திறக்க வழி செய்யச் சொன்னேன். சர்வீஸ் பார்க்கும் தம்பி, ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி, வாங்கச் சொல்லி, ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலைத் திறந்து, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்நூறு ரூபாயும் ஒரு டீயும் கொடுத்து அனுப்பினேன்.

ஏழாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, டேலி திறக்கவில்லை. ஃபோல்டருக்குள் எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நோட்பேடில் ஒரு ஆங்கிலக் கடிதம்: பணம் கட்டினால் சாவி தருவார்களாம். பேக்கப் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தோம். அதுவும் பூட்டிக்கிடந்தது.

பிறகு விவரம் தெரிந்த ஒருவர் வந்து கம்ப்யூட்டரில் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடான விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டினார். 4625 என்ற எண்ணோடு வரி வரியாக ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு தோற்றுப்போன லாகின் முயற்சி. ராத்திரி இரண்டு மணிக்கு, இரண்டு மூன்று நொடிக்கு ஒன்று. அட்மின், டெஸ்ட், யூசர், அக்கவுன்ட்ஸ் என்று பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் லாகின் பெயரே அக்கவுன்ட்ஸ்தான். பாஸ்வேர்டைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம்மைப் போன்ற சிறு ஆட்களை யார் தேடி வரப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். இணையம் முழுக்க ஒவ்வொரு ஐபியாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே மென்பொருள் ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பணம் கட்டவில்லை. ஜிஎஸ்டி தளத்தில் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கில் ஏற்றியிருந்த பில்களையும், 2பி என்ற கொள்முதல் பட்டியலில் வந்திருந்த பில்களையும் இறக்கி, டெலிவரி சலான் புத்தகங்களின் கார்பன் பிரதியைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெண் மறுபடி ஏற்றினார். தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே 19 நாள். 20-ம் தேதி போட வேண்டிய 3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கு தாமதமாகி, நாளுக்கு 50 ரூபாய் தண்டம். சில்லறைச் செலவு வவுச்சர்கள் போனது போனதுதான்.

இப்போது ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறந்திருக்கவில்லை. ஒயர்கார்டு முறையில் இயங்கும் விபிஎன் ஒன்றை, அதாவது இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப்பாதை ஒன்றை, ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் கணக்கு பார்க்கும் பெண்ணின் லேப்டாப்பிலும் போட்டிருக்கிறோம். அந்த இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும், வெளியாட்கள் கண்ணுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் தெரியவே தெரியாது. உள்ளே வர போனில் வரும் எண்ணையும் கொடுக்க வேண்டும். ஸ்டேட்டிக் ஐபி தேவைப்படாததால் அந்தப் பணமும் மிச்சம். அவருடைய லாகினுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் கிடையாது, ஐந்து முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க். சனிக்கிழமை எடுத்ததும் கழற்றி ஒன்றை என் வீட்டு பீரோவில் வைக்கிறேன். இதற்கெல்லாம் ஆனது அரை நாள்.

இன்னொன்று. இப்படித் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டிருக்கிறார்கள். நான் கேட்ட பத்துப் பதினைந்து பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எனக்கும்தான்.

போன வாரம் பக்கத்து எம்பிராய்டரி யூனிட்டில் எட்டிப் பார்த்தேன். அங்கே 3389-க்குப் பதிலாக 3390. "அதான் நம்பரை மாத்தியாச்சுங்களேண்ணா" என்றார் ஓனர். தட்டிப் பார்க்கும் மென்பொருள் எல்லா எண்ணையும்தான் தட்டுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். நம்பினாரா தெரியவில்லை. பேப்பரில் வந்தால் நம்புவார், அதனால் தயவுசெய்து இதைப் பிரசுரியுங்கள்.

– லேபிள் அச்சக உரிமையாளர், திருப்பூர்