பழைய மெஷினும் பக்கத்துக் கடையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் தள்ளுபடி விளம்பரம் வராத நாளில்லை. வரட்டும். விளம்பரம் கொடுக்க வசதியில்லாத கடைகளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போன வருடம் பழைய தையல் மெஷின் ஒன்று பார்க்கப் போனேன். கடைக்காரர் விலை பேசுவதற்கு முன்பே ஒரு துண்டுத் துணியை இரண்டாக மடித்துக் கையில் கொடுத்து, "நீங்களே ஓட்டிப் பாருங்கம்மா" என்றார். மேல்பக்கம் தையல் அழகாக விழுந்தது. திருப்பினால் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. சரி, தேறாது என்று எழுந்துவிட்டேன். அவர் மேல்நூலை உருவி, நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக இறங்கும்படி கோத்து, மறுபடி ஓட்டச் சொன்னார். வளையம் போன இடம் தெரியவில்லை. "அடியில சுருண்டா, தப்பு பெரும்பாலும் மேல்நூல்லதான் இருக்கும்." இத்தனை வருடம் தைக்கிறேன், எனக்கு இது தெரியாது.

மெஷினை வாங்கிவிட்டேன். அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் சின்னக் கூடு, அந்த பாபின் கேஸ் மட்டும் தேய்ந்திருந்தது. அதற்காக உதிரிபாகக் கடைக்குப் போனேன். அந்தப் பெரியவர் எந்த ரகம் பொருந்தும் என்று பொறுமையாக விளக்கினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் எதிரிலேயே போனில் விலை பார்த்தேன். கொஞ்சம் குறைவாக இருந்தது. "அப்புறம் வரேன்" என்று நழுவிவிட்டேன். ஆன்லைனில் வந்தது உட்காரவே இல்லை. திருப்பி அனுப்பிய பிறகு, வெட்கத்தை விட்டு மறுபடி அதே கடைப் படியேறினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது 'டிக்' என்று உட்கார்ந்தது. "ஊசிக்கும் கவலைப்படாதீங்க, வீட்டு மெஷின்ல பாதிக்கு மேல ஒரே ரகம்தான்" என்று ஒரு பாக்கெட் எடுத்து வைத்தார்.

பழசு வாங்கியவருக்கு இப்படி ஒரு கடை நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். அது மூடிவிட்டால் என் மெஷின் வெறும் இரும்புதான்.

எல்லாவற்றையும் பழசாக வாங்கச் சொல்லவில்லை. ஹெல்மெட்டைத் தொடாதீர்கள். ஒருமுறை அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிடும், வெளியே கீறல்கூடத் தெரியாது. அதைப் புதிதாக, தலையில் மாட்டிப் பார்த்து, பக்கத்துக் கடையில் வாங்கலாம். உடுப்பு விஷயம் வேறு. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். யாரோ நாலு முறை போட்டுவிட்டு ஒதுக்கியதை நான் துவைத்து உடுத்துகிறேன். பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள், பழுது பார்க்கும் கடைகளுக்கும் உதிரிபாகக் கடைகளுக்கும் கட்டணமில்லாமல் நாலு வரி ஒதுக்குங்கள். முதல் வாரத்துக்கு அந்தப் பெரியவரின் கடை விலாசத்தை நானே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி