அலங்காரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலை அருங்காட்சியகங்களில் ஆக்மென்டட் ரியாலிட்டி (ஏஆர்: செல்போன் திரையில் தெரியும் நிஜக் காட்சியின் மேல் கணினிப் படங்களைச் சேர்த்துக் காட்டும் தொழில்நுட்பம்) பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால், ஓவியத்தின் முன் செல்போனை நீட்டிப் பிடிப்பதையே ‘பார்வையாளர் பங்கேற்பு’ என்று அது சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே பார்வையாளர் தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லையே!

அமெரிக்காவின் டெட்ராய்ட் கலைக்கூடம் 2017-இல் கொண்டுவந்த ‘லூமின்’ என்ற ஏஆர் வழிகாட்டி நல்ல முயற்சிதான். எகிப்திய மம்மியின் முன் கருவியைப் பிடித்தால் உள்ளிருக்கும் எலும்புக்கூடு தெரிந்தது. ஆனால் அது கூகுளின் ‘டேங்கோ’ தொழில்நுட்பத்தை நம்பி இருந்தது. 2018 மார்ச் 1-ஆம் தேதியோடு கூகுள் டேங்கோவைக் கைவிட்டுவிட்டது.

அதே மார்ச்சில் நியூயார்க்கில் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நவீனக் கலை அருங்காட்சியகத்தின் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியங்கள் இருந்த அறையில், நிர்வாகத்தின் அனுமதி இல்லாமலே, ‘மோமார்’ என்ற செயலி வழியாக எட்டுக் கலைஞர்களின் படைப்புகள் தோன்றின. பொல்லாக்கின் ஓவியத்தை நோக்கி செல்போனைப் பிடித்தால் திரையில் இவர்களின் படைப்பு வந்து நின்றது. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. அத்துமீறல் என்பார்கள். அந்தச் சுவரில் யாருக்கு இடம் என்பதைச் சிலர் மட்டுமே தீர்மானிக்கலாமா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இதையே அனுமதியோடு செய்யலாம். அங்குள்ள உற்சவத் திருமேனிகள் பட்டும் நகையும் மாலையும் சாத்தி வீதியுலா வந்தவை. பீடத்தைக் குனிந்து பார்த்தால், தூக்கிச் செல்லத் தண்டு கோக்கும் வளையங்களும் துளைகளும் சிலவற்றில் தெரியும். அந்த அலங்காரத்தை ஏஆரில் காட்டுவதாக இருந்தால், மென்பொருள் நிறுவனத்தின் கற்பனைக்கு விட்டுவிட வேண்டாம். இன்றும் அலங்காரம் செய்யும் குருக்கள், பூத்தொடுப்பவர்கள், சுவாமியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் எல்லோரையும் அழைத்து அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். பார்க்க வரும் பாட்டி, தன் ஊர் உற்சவத்தில் மாலை எப்படிச் சாத்துவார்கள் என்று அங்கேயே செல்போனில் சொல்லிவைக்கட்டும். அலுவலர்கள் சரிபார்த்து வெளியிட்டால், அடுத்து வருபவர் கேட்பார். செயலியின் நிரலையும் எல்லோரும் எடுத்தாளும்படி திறந்து வைக்க வேண்டும். ஒரு நிறுவனம் விலகினாலும் கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நடத்துவார்கள்.

எல்லாச் சிலைகளுக்கும் ஒரே நேரத்தில் வேண்டாம். அங்குள்ள திருவாலங்காடு நடராஜர் ஒருவருக்கு மட்டும், வரும் மார்கழித் திருவாதிரைக்குள் அருங்காட்சியகத் துறை இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவள்ளூர்.