ஓடு பிரிக்கறதுக்கு முன்னால

தம்பி கண்ணு,

வீட்டைக் கிரயம் பண்ணிட்டேன். நீ குடுத்த பவர் பத்திரத்துலதான். அய்யன் திதி முடியட்டும்னு இருந்து, மறுநாளே காங்கேயம் போயிக் கையெழுத்துப் போட்டேன். போன்ல சொன்னா "சரிக்கா"ன்னு வெச்சிருவ. அதனால இங்க எழுதறேன். உன் பங்கு உன் கணக்குல ஏறியாச்சு. தொகை எவ்வளவுன்னு இங்க வேண்டாம், சொந்தபந்தமெல்லாம் படிக்கிறாங்க.

நீ அனுப்பற வீடியோ ஒண்ணு விடாம பாக்கறேன். அமெரிக்காவுல செசபீக் விரிகுடா நடுவுல, டபராவுக்குள்ள டம்ளரை வெச்சாப்பல நிக்குது நீங்க நாலு பேர் சேந்து வாங்குன கலங்கரை விளக்கம். முகமூடி போட்டுக்கிட்டு ஈயம் கலந்த பழைய பெயின்ட்டைச் சுரண்டற. வார்ப்பிரும்புத் தகட்டுல துரு போன எடத்தைக் கன்னுக்குட்டியைத் தடவறாப்பல தடவிக் காட்டற. பெருமையாத்தான் இருக்குது. அங்க 2000-ல போட்ட சட்டப்படி இந்த மாதிரிப் பழைய கோபுரத்தை அரசாங்கத்துல மொதல்ல ஊர் நிர்வாகத்துக்கும் சங்கங்களுக்கும் சும்மாவே தர்றேன்பாங்க, ஆரும் வரலைன்னாத்தான் ஏலம்னு நீதான சொன்ன. பாஸ்டன் பக்கம் ஒண்ணு 2013-ல 9,33,888 டாலருக்குப் போச்சாம். "எங்களுது அதுல கால்வாசி கூட இல்லக்கா"ன்னு சிரிச்ச. அதுலயும் எரியற விளக்கு கடலோரக் காவல்படையோடது. விளக்கே உன்னுதில்லாத கோபுரத்துக்கு லீவு போட்டுட்டுப் படகேறிப் போற. அப்பாரு கட்டுன தொட்டிக்கட்டு வீட்டுல விட்டமெல்லாம் கரையான்னு நாலு வருசமாச் சொன்னேன். "பாக்கலாங்க்கா."

அந்தக் காலத்துக் காவல்காரங்க கூரைத் தண்ணியை அடித்தொட்டியில புடிச்சுக் குடிச்சாங்கன்னு ஒரு வீடியோவுல சொன்னயே, அதுக்கப்புறம் நீ பேசுனது ஒண்ணும் என் காதுல ஏறல. ஐப்பசி மழை. அய்யன் ஓட்டு மேல. நீ வாசல்ல டார்ச்சு புடிச்சிட்டு நிக்கற. ஆறு வயசு. குளுருல பல்லு கிட்டிப்போச்சு, வெளிச்சம் மட்டும் அசையல. ஏணியைப் புடிக்கச் சொன்னது என்னைய. அண்டா நெறைஞ்சு வழியுதுன்னு நகர்ந்தேன். அய்யன் கால் வெச்ச மூணாம் படி முறிஞ்சுது.

"டார்ச்சை ஆட்டிப்போட்டான்"னு சொன்னது நான். அடி வாங்குனது நீ. அய்யன் அப்புறம் ஓட்டு மேல ஏறவே இல்ல. ஒழுக்கு அன்னைக்கு ஆரம்பிச்சதுதான்.

மன்னிச்சுக்க சாமி. எனக்கும் பன்னெண்டு வயசுதான். ஆசாரக் கூடமெல்லாம் தண்ணியாயிரும்னு அம்மா உள்ளருந்து சத்தம் போட்டுச்சு, நான் என்ன பண்ணுவேன்? நீயும் இத்தனை வருசம் வாயத் தொறக்கல பாரு. சொல்லாமயே நல்லவனாயிட்ட. கடைசி எட்டு மாசம் அய்யனுக்கு மூத்திரச் சட்டி எடுத்தவ கணக்கு எங்க போச்சு? இந்த வரியை எடுத்தரலாமான்னு ரெண்டு தடவை பாத்தேன். இருக்கட்டும்.

திங்கக்கெழமை ஓடு பிரிக்க ஆள் வருது. தூணும் வாசல் நெலவும் வேற ஆளுக்குப் பேசியாச்சாம். அந்த ஏணியை மட்டும் தோட்டத்துச் சாளைக்குக் கொண்டாந்து சாத்தி வெச்சிருக்கேன். படி இன்னும் மாத்தல. வந்தா பாத்து ஏறு.

அக்கா