எங்கள் கரைக்கு மணலைக் கொண்டுவாருங்கள்

கடலரிப்புத் தடுப்புப் பணிகளை முடிவுசெய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். புதுச்சேரிக்கு வடக்கே, பொம்மையார்பாளையம் பக்கம் வரிசையாக இருக்கும் மீனவர் ஊர்களில் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். சென்ற வாரம் எங்கள் கரைக்குக் கருங்கல் ஏற்றிய லாரிகள் வந்தன. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கியது. அதை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே இருந்தும், ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்தின் கரை கரைந்தது, கல் கொட்டினீர்கள். அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது, அங்கும் கல். இப்போது எங்கள் முறை.

கல் கொட்டிய ஊரில் வாழ்வது என்னவென்று சொல்கிறேன். என் அக்காவை இரண்டு ஊர் தெற்கே கட்டிக்கொடுத்தோம். அங்கே படகு ஏற்ற ஒரு முழம் மணல் இல்லை. மாமா தன் ஃபைபர் படகை எங்கள் கரையில்தான் விட்டிருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு வலையையும் எண்ணெய் கேனையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். எஞ்சினை இருவர் தோளில் சுமந்து இறக்க வேண்டும். ஒருமுறை காற்று முற்றிய நாளில் தன் ஊரிலேயே கரையேறப் பார்த்தார். படகின் முகப்பு கல்லில் மோதிப் பிளந்தது. அக்கா கருவாட்டைச் சாலையோரம் காயவைக்கிறாள். புழுதி படிந்த கருவாட்டுக்கு யார் விலை கொடுப்பார்கள்? எங்கள் கரையிலும் கல் விழுந்தால் மாமாவின் படகு எங்கே போகும், எங்கள் படகுகள் எங்கே போகும்?

கடல் மட்டம் உயர்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று புயல்களையும் பார்த்துவிட்டோம். அகன்ற மணற்கரை இருந்தால் அலை அதில் ஏறி ஓய்ந்து திரும்பும். கற்சுவரில் மோதும் அலை சுவரின் அடிமணலையே வாரிக்கொண்டு போகும். மணல்தான் எங்களுக்கு அரண். அதைத்தான் கேட்கிறோம்.

ஆனால் 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கமாக வாழும் ஊரகக் கடற்கரைகளில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடல் முன்னேறும் காலத்தில் கட்டடங்களையும் கடலை நோக்கி வரவிட்டால், கரை பின்வாங்க இடம் எங்கே? விடுதிக்காரர்கள் வேறு ஊருக்குப் போய்விடலாம். நாங்கள் எங்கே போவது?

மன்னியுங்கள், கோபத்தில் கேட்டுவிட்டேன். செய்ய முடியாததைக் கேட்கவில்லை. புதுச்சேரித் தலைமைச் செயலகத்தின் எதிரே, தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் கடலுக்கடியில் தடுப்பு அமைத்து, தூர்வாரிய மணலையும் கொட்டியபின் கரை திரும்பியது. நகரத்துக்குச் செய்ததை எங்களுக்கும் யோசியுங்கள். துறைமுகத்தில் தேங்கும் மணலை ஆண்டுதோறும் வடக்கே சேருங்கள். நடுவில் தமிழ்நாடு, புதுச்சேரி எல்லை இருப்பதால், இரண்டு அரசுகளும் சேர்ந்து அமர வேண்டும்.

அதுவரை லாரிகளை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒருநாள் விடியற்காலையில் வாருங்கள், படகுகள் கரையேறும் நேரத்தில். பஞ்சாயத்தார் இருப்பார்கள், பெண்களும் கூடையோடு நிற்போம். எங்கே மணல் வேண்டும் என்று அங்கேயே காட்டுகிறோம்.

இப்படிக்கு,
மீனவர் குடும்பத்துப் பெண் ஒருத்தி