முயல்களுக்கு ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டீர்களே, அப்பா

சியுதாத் ரியால், ஸ்பெயின்
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். குளிர் குறைந்துவிட்டது, காலையில் மட்டும் ஸ்வெட்டர் போடுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அடுத்த முறை போனில் அம்மாவையே பேசச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் எப்போதும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே காட்டு முயல்கள் நோயில் செத்துக்கொண்டிருக்கின்றன என்றதும், "மருந்துதான் இருக்குதே, ஊசி போட வேண்டியதுதானே?" என்றீர்கள். அரசூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் வேறெப்படிக் கேட்பார்? இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோயை முதன்முதலாகக் கண்டறிந்தது 1987இல் நம் அரசூரில்தான். தாத்தாவின் பட்டி அந்த வருஷம் காலியான கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். பிறகு அங்கே எடுத்த கிருமியைக் கொண்டே 'அரசூர் 87' என்று தடுப்பூசி வந்தது. ஒரு ஊசி போட்டால் மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை. ஆடு பட்டியில் நிற்கும், பிடித்து ஊசி போடலாம். முயல் அப்படி நிற்காது அப்பா.

நான் ஆராய்ச்சிக்குப் போகும் இடம் ஒரு வேட்டை நிலம். 'கோத்தோ' என்பார்கள். இந்த நாட்டு நிலத்தின் பெரும்பகுதி இப்படி வேட்டைக்குப் பதிவு செய்யப்பட்டதுதான். நம் ஊரில் முயல் பிடித்தால் வழக்கு, இங்கே உரிமம் வாங்கிச் சுடலாம். முயலும் வேறு சாதி. நம் முயல் வளை தோண்டாது, புதரடியில் தனியாகப் படுத்திருக்கும். இது மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிறது. பண்ணைகளில் வளர்க்கிற முயல்களுக்கெல்லாம் இதுதான் மூதாதை, பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும். ஆஸ்திரேலியாவில் தொல்லையாகப் பெருகிய இதே முயல், 2019 முதல் தன் சொந்த மண்ணில் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. இதை நம்பித்தான் லின்ஸ் என்ற காட்டுப்பூனை பிழைக்கிறது, தினம் ஒரு முயல் வேண்டும் அதற்கு. 2002இல் நூறுக்கும் குறைவாக இருந்த லின்ஸ், 2024 கணக்கெடுப்பில் 2,401 ஆகியிருக்கிறது. முயல் போனால் அதுவும் போகும்.

வந்திருக்கும் நோய்கள் இரண்டு. முதலாவது மிக்ஸோமாட்டோசிஸ். தென்னமெரிக்கக் கிருமி. 1952இல் பிரான்சில் அர்மான்-தெலீய் என்ற மருத்துவர் தன் தோட்டத்து முயல்களை ஒழிக்க, இரண்டே இரண்டு முயல்களுக்கு இதை ஊசியில் ஏற்றி வெளியே விட்டார். அடுத்த வருஷமே ஸ்பெயினிலும் இங்கிலாந்திலும் நோய் வந்துவிட்டது. கொசுவும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும். கண் வீங்கி, பார்வை போய், பாதை நடுவே உட்கார்ந்திருக்கும் முயலைப் பார்த்தால் மனசு தாங்காது. பக்கத்தில் போனாலும் ஓடாது. 2018இல் இந்தக் கிருமியின் புதிய வகை ஒன்று இங்குள்ள, வளை தோண்டாத பெரிய முயலுக்கும் தாவியது.

இரண்டாவது இரத்தக்கசிவு நோய். 1984இல் சீனாவில் முதலில் தெரிந்தது, 1988இல் இங்கே வந்தது. கல்லீரலைத் தாக்கும், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். வெளியே அடையாளமே இருக்காது, சிலதுக்கு மூக்கில் கொஞ்சம் இரத்தம், அவ்வளவுதான். பழைய கிருமி சின்னக் குட்டிகளை விட்டுவைத்தது. 2010இல் பிரான்சில் தோன்றி மறுவருஷம் ஸ்பெயினுக்கு வந்த புதிய வகை குட்டிகளையும் கொல்கிறது. இப்போது எங்கள் நிலத்தில் இருப்பது இதுதான். பின்னங்கால் நீட்டிக் கிடக்கும் உள்ளங்கை அளவுக் குட்டிகளைத் தினமும் பார்க்கிறேன்.

இனி ஊசி விஷயம். பண்ணை முயலுக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. காட்டு முயலை வளைக்குள்ளிருந்து பிடிக்க வேண்டும், பிடித்த அதிர்ச்சியிலேயே சிலது செத்துவிடும். தப்பிப் பிழைக்கும் முயல்களிலும் பலது இரண்டு வருஷம்கூட வாழ்வதில்லை. சினைக்காலம் முப்பது நாள்தான், ஒரு பருவத்தில் பல ஈற்று ஈனும். இன்று பாதி முயல்களுக்கு ஊசி போட்டாலும் சில மாதத்தில் ஊசி பார்க்காத முயல்களே நிறைந்துவிடும். எத்தனை நாள், எத்தனை ஆள் வைத்துப் பிடிப்பது?

அப்புறம் என்னதான் செய்கிறீர்கள் என்பீர்கள். இங்கே ஒரு வயதான வேட்டைக்காவலர் இருக்கிறார், உங்களைப் போலவே அதிகம் பேசமாட்டார். அவரும் நானும் காலையில் ஒரே பாதையில் நடந்து முயல் புழுக்கையை எண்ணுவோம். இரவில் ஜீப்பில் விளக்கடித்து முயல்களை எண்ணுவோம். செத்ததைக் கையுறை போட்டு எடுத்து, கல்லீரலில் சிறு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பி, மீதியைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைப்போம். இரத்தக்கசிவு நோய்க் கிருமி செத்த உடலில் மூன்று மாதம்வரை உயிரோடு இருக்கும், ஈக்களும் எடுத்துப் போகும். இந்த இரண்டு நோயும் மனிதருக்கு வராது. கையுறை, முயலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் துலரேமியா என்ற நோய்க்காக, 1997இல் இந்நாட்டின் வடமேற்கில் முயலைத் தொட்டவர்கள் பலருக்கு அது வந்தது. அம்மாவிடம் நான் கையுறை இல்லாமல் எதையும் தொடுவதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் எல்லா உடலும் கைக்குக் கிடைப்பதில்லை, பெரும்பாலானவை வளைக்குள்ளேயே சாகின்றன. அதனால் நான் நம்புவது வேறொன்றை. முயல் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் இரத்தக்கசிவு நோய்க் கிருமி போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பிழைத்த தாய்களிடம் எதிர்ப்புச்சக்தி இருக்கும். நம் ஆட்டுக்குட்டிக்கு அது சீம்பாலில் கிடைக்கிறது, முயல் குட்டிக்கு வயிற்றிலிருக்கும்போதே கிடைத்துவிடுகிறது. அந்தக் காப்பு இருக்கும்போதே கிருமி தொட்டால் குட்டி பிழைத்து, தானே எதிர்ப்புச்சக்தி பெற்றுவிடும். முயல் குறைந்த இடத்தில் கிருமி இடைவெளி விட்டு வரும், அதற்குள் நோயே பார்க்காத முயல்கள் வளர்ந்து நிற்கும். வந்தால் மொத்தமாக வாரிக்கொண்டு போகும். கூட்டம் பெருத்தால் நோயும் பெருகும் என்றுதான் நானும் வந்த புதிதில் நினைத்தேன்.

ஆகவே முயல் பெருகத் தோதாக நிலத்தைத் திருத்துகிறோம். கல்லும் மரப்பலகையும் அடுக்கி மண் மூடி, 'மஹானோ' என்ற செயற்கை வளைகள் கட்டுகிறோம். புதர்களை விட்டு, ஊடே பார்லி விதைக்கிறோம். கோடைக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கிறோம். வளைக்குள் தெள்ளுப்பூச்சி மருந்து தூவுகிறோம். துப்பாக்கியை நிறுத்துவதுதான் கஷ்டம். நோயில் பிழைத்து நிற்கும் முயல்தான் விதைநெல், அதைச் சுட்டுத் தின்றால் அடுத்த வருஷம் என்ன இருக்கும்? நில உரிமையாளரிடம் காவலர் இதைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். இந்தப் பருவம் ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறார்.

பக்கத்து நிலத்தில் மூன்று வருஷத்துக்கு முன் வேறு வழி பார்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரங்களில் முயல் பெருகி உழவர்களின் பயிரை மேய்கிறது, அங்கே பிடித்து வாங்கி வந்து இங்கே விட்டார்கள். தனியே வைத்துப் பார்க்கவில்லை, தடுப்பூசியும் போடவில்லை. வந்த வாரமே பாதிக்கு மேல் செத்ததாகக் காவலர் சொன்னார். தென்மேற்கு முயலும் வடகிழக்கு முயலும் இரண்டு தனி வம்சம், அவை சந்திக்கும் எல்லை இந்த மாவட்டம் வழியாகத்தான் போகிறது. எது என்று பார்க்காமல் கலந்துவிட்டார்கள் என்பதில் அவருக்கு இன்னும் கோபம். எனக்கும்தான்.

நேற்று மாலை வடக்குச் சரிவிலுள்ள மஹானோ ஒன்றின் வாயில் நான்கு குட்டிகளைப் பார்த்தேன். அரை மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கும் ஓடின.

ஒரு விஷயம் மறக்காமல் செய்யுங்கள். ஊருக்கு ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி முகாம் வருவதாகத் தம்பி சொன்னான். பெரிய ஆடுகளை ஓட்டிப் போங்கள். மார்கழியில் பிறந்த குட்டிகளுக்கு இப்போது வேண்டாம், தாய் கொடுத்த காப்பு இருக்கும்போது போட்டால் ஊசி பிடிக்காது. சித்திரை முடிவதற்குள் நான்கு மாதம் நிறைந்துவிடும். அப்போது கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்