குவைத் இல்லை, அக்கா

அக்கா,

உன்னைக் கொண்டுபோய் நாளையோடு ஐந்து வருசம். அதற்காக எழுதவில்லை. உன் மகள் நேற்று ‘எனது குடும்பம்’ என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். "அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். லீவு கிடைத்ததும் வருவார்." எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன். பிறகு ராவெல்லாம் தூக்கமில்லை.

இந்தச் சனிக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லப்போகிறேன், குவைத் இல்லை, கொழும்பு வெலிக்கடை ஜெயில் என்று. உன்னிடம் அனுமதி கேட்கவில்லை.

கண்டவர்களும் வாசிக்கிற இடம் இது. உனக்கு அந்தப் போதைத்தூளை யார் கொடுத்தார்கள், எங்கே வைத்திருந்தாய் என்பதெல்லாம் இங்கே வராது. நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன் என்பதும் வராது.

2019 ஜூன் கடைசி ஞாபகம் இருக்கிறதா? நல்ல மழை. அம்மா தேயிலை மலையிலிருந்து வந்து இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. போதைப்பொருள் கேஸில் நாலு பேரைத் தூக்கில் போட ஜனாதிபதி கையெழுத்து வைத்துவிட்டார் என்று ரேடியோ சொன்னது. அன்றைக்குத்தான் நீ வேன் பிடித்து வந்திருந்தாய். அம்மா உன்னை ஏறிட்டுப் பார்த்தது. நீ சிரித்தாய். "1976க்குப் பொறகு இந்த நாட்டுல யாரம்மா தொங்கவிட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே பாயில் நோட்டுக்கட்டை வைத்தாய். "ஒங்க ஆறு மாசச் சம்பளம். இனி பதினெட்டு கிலோ கொழுந்துக்கு மழையில நிக்கத் தேவல்ல." நாள் சம்பளம் 700 ரூபாயாக இருந்த நேரம் அது.

அம்மா காலை இழுத்துக்கொண்டது. அட்டை கடித்த இடத்து ரத்தம் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கந்தைத் துணியால் அதைத் துடைத்தது. காசைத் தொடவில்லை.

எடுத்தது நான். ஹட்டனில் ஏ.எல். பரீட்சை டியூஷன் காசு கட்டாமல் இரண்டு மாசம். எங்கிருந்து வந்த காசு என்று எனக்குத் தெரியும். தெரியாதென்று யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. என்னை மன்னித்துவிடு அக்கா. ஆனால் நீயும் நீட்டாமல் இருந்திருக்கலாமே. பதினெட்டு வயசுப் பிள்ளை வேண்டாமென்றா சொல்லும்?

வீட்டு வேலைக்குக் கொழும்புக்குப் போன நீ, சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறவளாகி, கடைசியில் மற்றவர்களை அனுப்புகிற ‘அக்கா’ ஆனாய். அந்தச் சொல்லை நீ நாசமாக்கிவிட்டாய். நான் கூப்பிடுகிற அதே சொல். கீழ் லயத்துப் பொடியனும் உன்னை அப்படித்தான் கூப்பிட்டான். சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில், கினிகத்தேனையில் பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது பிடிபட்டான். இரண்டு கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரணம், இல்லாவிட்டால் ஆயுள் என்பது 1984லிருந்து சட்டம். இரண்டு கிராம், ஒரு தேக்கரண்டி நிறையாது. அதைச் சொல்லித்தானா அவனை அனுப்பினாய்?

அவன் அம்மாவும் நானும் ஒரே பீலியில்தான் தண்ணி பிடிக்கிறோம். என் குடம் நிறையும்வரை அந்த மனுசி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

உனக்கு அங்கே குளிருக்குப் போர்வை இருக்கிறதா என்று நினைப்பேன், உடனே கொழும்பில் ஏது குளிர் என்றும் நினைப்பேன்.

பிள்ளை வருகிறேன் என்றால் முதல் பஸ்ஸிலேயே கூட்டி வருகிறேன். வரமாட்டேன் என்றால், ஏன் கூட்டி வரவில்லை என்று என்னிடம் கேட்காதே.

தங்கச்சி